எழுதிக் கொடுக்கும் முன் ஒரு வரி

கேள்வி: வயது 68 ஆகிறது. மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. கரும்பும் நெல்லும் மாற்றி மாற்றி வைக்கிறோம். மகன் எட்டு விசைத்தறி ஓட்டுகிறான். மகளைச் சங்ககிரியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நிலத்தைத் தன் பேருக்கு எழுதிக் கொடுத்தால் பேங்கில் கடன் வாங்கித் தறியைப் பெருக்கலாம் என்கிறான் மகன். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை கையால் அடி வாங்குகிறவர்களையும் ஊரில் பார்க்கிறோம். எழுதலாமா, வேண்டாமா?
– ஒரு வாசகர், பள்ளிபாளையம்

பதில்: அவசரப்பட்டு எழுத வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், பெற்றோரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரியாகச் சேர்க்காமல் எழுத வேண்டாம். மகன் நல்லவனா கெட்டவனா என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. நல்ல மகனுக்கும் தொழில் நொடிக்கலாம். மகன் தவறிவிட்டால் நிலம் அவனுடைய வாரிசுகள் கைக்குப் போய்விடும். விதை நல்ல விதைதான் என்றாலும் நேர்த்தி செய்துதானே விதைக்கிறோம்? பத்திரத்தில் சேர்க்கும் அந்த வரியும் அப்படி ஒரு முன்காப்புதான்.

கடனுக்காக நிலத்தின் உரிமையையே மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. தந்தை தன் பெயரிலேயே நிலத்தை வைத்துக்கொண்டு, மகனின் கடனுக்கு அதை ஈடு காட்டிக் கையெழுத்துப் போடலாம். தவணை தவறினால் நிலத்துக்கு ஆபத்து உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கடன் அடைந்தவுடன் நிலம் தந்தையிடமே இருக்கும். எழுதிக் கொடுத்துவிட்டால் கடன் அடைந்தாலும் நிலம் திரும்பாது. நிலம் தன் பெயரில் உள்ள உழவருக்கே ஆண்டுக்கு 6,000 ரூபாய் பி.எம். கிசான் உதவி என்பதால், கைமாறிய பின் அந்தத் தவணையையும் மறந்துவிட வேண்டியதுதான்.

ஊருக்கு ஊர் வேறு முகம்

முதியவர்களை வீட்டாரே துன்புறுத்துவது எல்லா ஊரிலும் நடக்கிறது. உலகில் 60 வயதைக் கடந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கு. அடிப்பது மட்டும் இதில் சேராது. திட்டுவது, சோறு போடாமல் விடுவது, மருந்து வாங்கித் தராமல் இருப்பது, பென்ஷன் பணத்தைப் பிடுங்குவது, வீட்டைவிட்டு விரட்டுவது எல்லாமே சேர்த்திதான்.

இந்தியாவில் 2017-18ஆம் ஆண்டுகளில் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானோரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒன்றிய சுகாதாரத் துறைக்காக மும்பையிலுள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்தியது அது. 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர், கடந்த ஓராண்டில் தங்களை மோசமாக நடத்தினார்கள் என்று சொன்னார்கள். மாநிலத்துக்கு மாநிலம் இந்த அளவு வெகுவாக மாறியது. பீகாரில்தான் மிக அதிகம். நமக்கு அண்டை மாநிலமான கர்நாடகமும் மேல்வரிசையில் இருந்தது. நகரத்தைவிடக் கிராமத்தில் கூடுதல்.

குறைவாகப் பதிவான இடத்தில் கொடுமை குறைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. கணக்கெடுப்பவர் வரும்போது மகனும் மருமகளும் பக்கத்தில் நின்றால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே!

தமிழ்நாட்டுக்குள்ளேயே பார்ப்போம். விருதுநகரும் அதைச் சுற்றிய தென் மாவட்டங்களும் 'தலைக்கூத்தல்' என்ற சொல்லால் செய்தியில் அடிபட்டன. படுக்கையில் விழுந்த முதியவரை வீட்டாரே முடித்துவிடும் பழக்கம் அது. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 80 வயதுப் பெரியவர் ஒருவர் தனக்கு நேரவிருப்பதை அறிந்து வீட்டைவிட்டுத் தப்பி, உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அப்போதுதான் இது நாடு முழுக்கத் தெரிந்தது. தன் நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்று பிள்ளைகள் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. மானாவாரி வறுமை, மருத்துவச் செலவு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமை என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தப் பெரியவர் காதில் விழுந்ததோ நிலக் கணக்கு.

காவிரிக் கரையில் நடப்பது

சேலம், நாமக்கல் சமவெளியில் இதன் முகம் வேறு. இங்கே வாய்க்கால் தண்ணீர் உண்டு, கரும்புக்கு ஆலை உண்டு, தறி உண்டு. ஆற்றைத் தாண்டினால் ஈரோடு. அதனால் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அரை ஏக்கர்கூடப் பெரும் சொத்து. தறித்தொழிலோ கடனில் ஓடுவது. நூல் விலை ஏறினால், துணி தேங்கினால், வட்டி கழுத்தைப் பிடிக்கும். அப்போது மகனின் கண் தந்தையின் பட்டாவில் விழுகிறது. "நான் இருக்கறப்ப உங்களுக்கு என்னங்கப்பா கவலை? எழுதிக் குடுத்துருங்க" என்று பேச்சு தொடங்கும்.

அதற்குப் பின்னால் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் மகளுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு வந்தது. 2005இல் இது நாடு முழுவதற்கும் வந்தது. தந்தை எழுதி வைக்காமல் காலமானால் மகளும் பங்குக்கு வருவாள். அதைத் தடுக்கத்தான் உயிரோடு இருக்கும்போதே மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதி வாங்குவதும், மகளை அழைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது.

இதில்தான் பெற்றோர் ஏமாந்து போகிறார்கள். நம் பக்கத்தில் பெண்ணைப் பெரும்பாலும் பக்கத்து ஊரிலேயே, சொந்தத்திலேயே கொடுக்கிறோம். வடநாட்டில் பல பகுதிகளில் மகளைத் தொலைவில், உறவில்லாத ஊரில் கொடுப்பது வழக்கம். அங்கே தாய்க்கு ஒன்று என்றால் மகள் வந்து பார்க்க நாளாகும். இங்கே சங்ககிரி மகள் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டில் இருப்பாள். தட்டில் என்ன இருக்கிறது, மாத்திரை தீர்ந்துவிட்டதா, கையில் என்ன காயம் என்று கேட்கிற ஆள் அவள்தான். அவளை ஒன்றும் இல்லாமல் அனுப்பிவிட்டால் மனம் கசந்து வாசல் மிதிக்க மாட்டாள். மகள் வருவது நின்ற வீட்டில் தட்டிக் கேட்க வேறு யாரும் இல்லை. சொத்தில் மகளுக்கு ஒரு பங்கோ, அது முடியாவிட்டால் ஒரு தொகையோ கொடுத்து உறவைக் காப்பது, பெற்றோர் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் காப்பீடு.

செட்டில்மென்ட் வேறு, உயில் வேறு

இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கையெழுத்துப் போடுபவர்கள் உண்டு. செட்டில்மென்ட் பத்திரம் பதிவான அன்றே உரிமை கைமாறும். பட்டாவும் மாறும். பிறகு மனம் மாறினால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த் தாமாகவே ரத்து செய்துவிட முடியாது. உயில் எழுதியவரின் காலத்துக்குப் பிறகே செல்லும். அதுவரை நிலம் அவருடையது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் பின்னால் வழக்கு வரும்போது பலம்.

எனவே வரிசைப்படி யோசியுங்கள். உயில் போதுமானால் உயில். செட்டில்மென்ட்தான் என்றால், குடியிருக்கும் வீட்டையும் ஒரு பகுதி நிலத்தையும் தம்பதியர் பெயரில் வைத்துக்கொண்டு மீதியை எழுதலாம். எல்லாவற்றையும் எழுதுவதானால், இருவரின் ஆயுள் வரை அனுபவித்துக்கொள்ளும் உரிமையை நிறுத்திக்கொண்டு எழுதலாம். எப்படி எழுதினாலும் கீழ்க்கண்ட பொருளில் ஒரு நிபந்தனை வேண்டும். பத்திர எழுத்தரிடம் இதையே காட்டிச் சேர்க்கச் சொல்லலாம்:

"எழுதிக் கொடுப்பவரும் அவருடைய மனைவியும் உயிருடன் இருக்கும் வரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் உள்ளிட்ட அடிப்படைத் தேவைகளை எழுதி வாங்குபவர் குறைவின்றிச் செய்துதர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே இச்சொத்து எழுதித் தரப்படுகிறது. தவறினால் இப்பத்திரத்தை ரத்து செய்யக் கோர எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டு."

இந்த வரிக்குப் பலம் தருவது, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். அதன் 23ஆம் பிரிவின்படி, இப்படி நிபந்தனையோடு எழுதி வாங்கிவிட்டுக் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாகவே கருதப்படும். தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

மூன்று ஊர், மூன்று தீர்ப்பு

அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்பதற்கு வழக்குகளே சாட்சி. அரியானாவில் ஒரு தாய் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தில் பராமரிப்பு பற்றி ஒன்றும் இல்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததாகக் காட்டாமல் 23ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது.

மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரில் ஒரு தாய் 2019இல் மகனுக்குச் சொத்தைத் தானமாக எழுதினார். கடைசி வரை பார்த்துக்கொள்வேன் என்று மகன் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். பிறகு கவனிக்கவில்லை. 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் தாய் பக்கம் நின்றது. பத்திரத்தை ரத்து செய்ததோடு, சொத்தை அவர் கையில் ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. முதியோரைக் காக்க வந்த சட்டத்துக்குத் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

நாகப்பட்டினத்தில் ஒரு மூதாட்டி மகனுக்கு எழுதி வைத்தார். மகன் இறந்துவிட்டார். மருமகள் கவனிக்கவில்லை. கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தார். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்பின் பேரில் எழுதிக் கொடுக்கும்போதே, கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்றது நீதிமன்றம்.

ஆக, வரி இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுப் போகவில்லை. ஆனால் அந்த வரி எழுதியிருந்தால், எண்பது வயதில் கோர்ட்டுக்கு நடக்கும் நடை பெருமளவு குறையும்.

எங்கே முறையிடுவது?

பள்ளிபாளையம் பகுதி குமாரபாளையம் வட்டத்தில், திருச்செங்கோடு வருவாய்க் கோட்டத்தில் வருகிறது. எனவே திருச்செங்கோடு கோட்டாட்சியர் தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதினாலும் போதும். ஆதார், பத்திர நகல், மருத்துவச் சீட்டு இருந்தால் இணைக்கலாம். வக்கீல் தேவையில்லை, அங்கே வக்கீல் வாதாடவும் சட்டம் இடம் தரவில்லை. நடக்க முடியாதவருக்காக அவர் நியமிக்கும் வேறொருவர் மனுக் கொடுக்கலாம். மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோரிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வாங்கித் தரத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. தீர்ப்பு பாதகமானால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். நாமக்கல்லில் உள்ள மாவட்டச் சமூகநல அலுவலகம் இதற்கெல்லாம் வழிகாட்டும்.

அடி உதை என்றால் தீர்ப்பாயத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அது குற்றம். 112க்கு அழைத்தால் போலீஸ் வரும். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

மேலும் சில கேள்விகள்

கேள்வி: நிலம் நீச்சு எதுவும் இல்லை. தறியில் தார் சுற்றிப் பிழைத்தவள். இப்போது முதியோர் பென்ஷன்தான். ஏ.டி.எம். கார்டை மகன் வைத்துக்கொண்டு குடிக்கிறான். கேட்டால் கை நீட்டுகிறான்.

பதில்: சொத்து இல்லாதவருக்கும் சட்டம் உண்டு. எழுதிக் கொடுத்தால்தான் பராமரிப்புக் கேட்கலாம் என்பதில்லை, பெற்ற தாய் என்பதே போதும். முதல் வேலையாக வங்கிக்குப் போய்ப் பழைய கார்டை முடக்கிப் பாஸ்புக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,200 ரூபாய் உங்கள் கைரேகைக்கு மட்டும் வரட்டும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மருமகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் தாய்க்கும் மாமியாருக்கும் அது பொருந்தும். பெண்கள் உதவி எண் 181.

கேள்வி: 2012இல் மகனுக்கு எழுதிக் கொடுத்தேன். நிபந்தனை எதுவும் இல்லை. இப்போது மாட்டுக் கொட்டகையில் கட்டில் போட்டுவிட்டார்கள். இனி என்ன செய்ய முடியும்?

பதில்: சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரம் என்பதால் 23ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுக்கலாம். கவனித்துக்கொள்வதாக மகன் சொன்னதற்குக் கடிதம், செல்போன் செய்தி, பஞ்சாயத்துப் பேச்சு, சாட்சி என்று எது இருந்தாலும் திரட்டுங்கள். "அன்பின் பேரில்" என்ற வாசகம் பத்திரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாகப்பட்டினம் தீர்ப்பை மனுவில் குறிப்பிடுங்கள். பத்திர ரத்தோடு மாதாந்தரப் பராமரிப்புத் தொகையையும் கேளுங்கள். ஒன்று தள்ளிப் போனாலும் மற்றது கிடைக்கும்.

கேள்வி: மாமனாருக்கு நினைவு தப்பிவிட்டது. இரவெல்லாம் கத்துகிறார், வெளியே ஓடுகிறார். பகலில் தறி, இரவில் இவர். சில நாள் ஆத்திரத்தில் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிடுகிறேன். பிறகு அழுகிறேன்.

பதில்: இப்படி வெளிப்படையாகக் கேட்டது நல்லது. வீடுகளில் நடக்கும் கொடுமை எல்லாம் பேராசையால் வருவதில்லை, ஓய்வே இல்லாத களைப்பாலும் வருகிறது. மறதி நோய் ஒரு நோய், வேண்டுமென்று அவர் செய்வதில்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டினால் இரவுத் தூக்கத்துக்கு மருந்து கிடைக்கும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையும், படுக்கை நோயாளிக்கான கவனிப்பும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மாமனாரைப் பெற்ற மகனும் அவருடைய சகோதரிகளும் வாரத்தில் இரண்டு இரவு முறை எடுக்க வேண்டும். இது மருமகள் ஒருத்தியின் வேலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டம் கடமையைப் பெற்ற பிள்ளைகள் மேல்தான் வைக்கிறது.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி பட்டினி கிடப்பது போலத் தெரிகிறது. கேட்டால் "ஒண்ணுமில்ல சாமி" என்கிறார். அடுத்தவர் தலையிடலாமா?

பதில்: தலையிடலாம். 14567க்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தீர்ப்பாயமும் தானாகவே விசாரணைக்கு எடுக்க முடியும். கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: திடீரென்று மெலிவது, வழக்கமாக வரும் கோயிலுக்கும் சொசைட்டிக்கும் வராமல் போவது, மாத்திரை நின்றுபோவது, விழுந்துவிட்டேன் என்று அடிக்கடி சொல்லும் காயங்கள், யார் பேசினாலும் வீட்டார் முகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொல்வது. "செத்தால் தேவலை" என்று ஒருவர் சொன்னால் அதை வெறும் புலம்பல் என்று விட்டுவிடக் கூடாது. அந்த வீட்டில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் வெளியில் கிடக்கக் கூடாது, பூட்டிச் சாவியை வேறிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

பத்திரம் எழுதும் நாளுக்கு முன் பார்க்க வேண்டியவை

• மகன், மகள் எல்லோரையும் ஒரே நாளில் உட்கார வைத்துப் பேசியாயிற்றா?
• மனைவியின் பங்கும் இருப்பிடமும் பத்திரத்தில் வருகிறதா? கணவருக்குப் பின் தனியாக நிற்பவர் பெரும்பாலும் மனைவிதான்.
• பராமரிப்பு நிபந்தனை வரி இருக்கிறதா? பத்திரத்தை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்களா?
• மூலப் பத்திரம், சான்றிட்ட நகல், பாஸ்புக், ஆதார் எல்லாம் உங்கள் கையில் இருக்கிறதா?
• மருத்துவச் செலவுக்கு உங்கள் பெயரில் ஒரு தொகை தனியாக இருக்கிறதா?

ஐந்துக்கும் ஆம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அடுத்த பட்டம் வரை தள்ளிப் போடுங்கள். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதற்கு மகன் கோபித்துக்கொண்டால், எழுதுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்.